மர்ட்டி சுக்ரூ சொன்ன ஒரு வாக்கியம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தது.

நான் பல் மருத்துவன். அயர்லாந்தின் கெர்ரிக் கடற்கரையில் ஒரு சிற்றூரில் இருபது வருடத்துக்கு மேலாக அடுத்தவர் வாயைப் பார்த்துத்தான் பிழைக்கிறேன். என் பெயர் இளங்கோ. ஊரில் எல்லோருக்கும் நான் 'லாங்கோ'. பெட்ரோல் பங்க் நடத்தும் நோரீன் பிராஸ்னன் ஒரு நாள் கடைவாய்ப் பல் வலி என்று வந்தாள். ஊசி போட்டுவிட்டு, வாய் மரத்துப்போகட்டும் என்று காத்திருந்தேன். அந்த வருடம் தேர்தல் வருடம். வெளியே யாரோ ஒலிபெருக்கியில் வாக்குக் கேட்டுக்கொண்டு போனார்கள். நோரீன் சொன்னாள்:

"எங்க கொள்ளுத்தாத்தா யூஜீன் ஒருத்தரைத் தேர்தல்ல தோக்கடிச்சார். அன்னைக்கு ஊரே சேர்ந்து, தோத்தவரைத்தான் தோள்ல தூக்கிட்டுப் போச்சு. ஒரு காலைப் பிடிச்சிருந்தது யாருன்னு நெனக்கிற? எங்க கொள்ளுத்தாத்தா."

அதோடு வாய் மரத்துவிட்டது. நான் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. ஜெயித்தவன் தோற்றவனின் காலைத் தூக்கிக்கொண்டு ஏன் நடந்தான் என்று யோசித்துக்கொண்டே பிடுங்கினேன். நல்லவேளை, சரியான பல்தான்.

தோற்றவர் பெயர் மர்ட்டி சுக்ரூ. அதற்குப் பிறகு நான் யார் வாயைத் திறந்தாலும் அவரைப் பற்றித்தான் கேட்டேன். மருத்துவனுக்கு இது அழகில்லை. பஞ்சை வாயில் வைத்துக்கொண்டே பதில் சொன்னவர்கள் உண்டு. ஊரின் பெயரை மாற்றி கில்டாரா என்று வைத்திருக்கிறேன்; வரைபடத்தில் தேடாதீர்கள். ஒரே விஷயத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்ன இடங்களில் எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டேன். பிடித்தது இரண்டிலும் இல்லாதபோது என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

2

எங்கிருந்து தொடங்குவது என்பதிலேயே ஒரு மழைக்காலம் போயிற்று. (கெர்ரியில் மழைக்காலம் என்றால் அது ஒரு கால அளவே இல்லை.)

முதல் தொடக்கம்:

[மார்ட்டிமர் சுக்ரூ, உருளைக்கிழங்குப் பஞ்சம் ஊரைப் பாதியாக்கிவிட்டு ஓயத் தொடங்கிய வருடத்தில், ஒரு குடிசையின்

நிறுத்திவிட்டேன். பேச்சையே தொழிலாகக் கொண்ட மர்ட்டி, பஞ்சத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறக்கமாட்டாராம். அவரே பேசாமல் விட்டதை நான் எதற்குத் தொட வேண்டும்?

இரண்டாம் தொடக்கம்:

[லண்டன் நாடாளுமன்றத்தின் உயர்ந்த சன்னல்கள் வழியே மாலை வெளிச்சம் சரிந்து விழ, அயர்லாந்துக்காரர்கள் உட்காரும் பெஞ்சிலிருந்து ஓர் உருவம்

உருவமாம். நான் அந்தக் கட்டடத்துக்குள் போனதே இல்லை. அந்த வெளிச்சம் சரிந்து விழுமா, நேராக விழுமா என்றுகூடத் தெரியாது.

மூன்றாவதாக ஒரு மாடு கிடைத்தது. மாட்டோடு தொடங்குகிறேன்.

3

1880, இலையுதிர் காலம். இரண்டு வருடமாக விளைச்சல் இல்லை. குத்தகை கட்ட யாரிடமும் ஒன்றும் இல்லை. நியாயமான குத்தகைக்கு மேல் ஒரு காசு தராதீர்கள் என்று நாடு முழுவதும் கூட்டம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிராஸ்னன் குடும்பமும் தரவில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரரான பிரபுவின் காரியஸ்தன் ஆட்களோடு வந்து அவர்களுடைய மூன்று பசுக்களையும் ஜப்தி செய்தான். சந்தைத் திடலில் ஏலம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

கில்டாராவில் ஏலம் விட உரிமம் வைத்திருந்தவர் ஒருவர்தான்: மர்ட்டி சுக்ரூ. முப்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர், திடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும் குரல். ஜப்தி மாட்டை ஏலம் விடுகிறேன் என்று அவர் நீதிமன்ற அதிகாரியான ஷெரீப்பிடம் ஒத்துக்கொண்டதும் ஊர் கொதித்துப்போனது. அவர் தெருவில் போனால் எதிரே வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஏலத்தன்று காலை, பிராஸ்னன் வீட்டு மூத்த மகள் ஜொஹானா முதல் பசுவைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு திடலின் நடுவில் நின்றாள். அப்பாவுக்கு நெஞ்சில் சளி. எழுந்து வர முடியாது. தம்பி யூஜீன் ஜவுளிக்கடையில் எடுபிடி; கூட்டத்தில் முஷ்டியை மடக்கிக்கொண்டு நின்றான். ஊர்க்காரர் யாரும் விலை கேட்கமாட்டார்கள் என்பது காரியஸ்தனுக்குத் தெரியும். அதனால் வெளியூரிலிருந்து இரண்டு பேரை ரயிலில் வரவழைத்து, சுற்றிப் போலீஸையும் நிறுத்தியிருந்தான்.

மர்ட்டி பெட்டிமேல் ஏறினார். தொண்டையைச் செருமினார்.

"பெரியோர்களே, இதை வெறும் மாடுன்னு நெனச்சு வந்தவங்க இப்பவே கிளம்பிடலாம்."

பிறகு அந்தப் பசுவின் தாயைப் பற்றிச் சொன்னார். தாயின் தாய் எந்த மலைச்சரிவில் மேய்ந்தது, அந்தச் சரிவின் புல்லுக்கு ஏன் இனிப்பு அதிகம், அந்தப் புல்லுக்காக இரண்டு குலங்கள் எப்படிச் சண்டை போட்டன, அந்தச் சண்டையில் யார் யார் செத்தார்கள். வெளியூர்க்காரர்களில் ஒருவன் கையைத் தூக்கி விலை சொன்னான். மர்ட்டிக்கு முகமெல்லாம் சந்தோஷம். நன்றி சொல்லி, ஐயாவின் பெயர் என்ன என்று கேட்டார். அவன் சொன்னான். அந்தப் பெயரில் நான்கு குடும்பங்களைத் தனக்குத் தெரியும், அதில் எந்தக் குடும்பம் என்றார். அவன் விழித்தான். மர்ட்டி நான்கு குடும்பங்களையும் விளக்கினார்.

மதியம் ஆயிற்று. முதல் மாடே இன்னும் விற்கவில்லை. ஷெரீப் பொறுமையிழந்து, சீக்கிரம் முடியுங்கள் என்றார். மர்ட்டி மரியாதையாகச் சொன்னார்: பொருளை முழுசாக விவரிக்காமல் விற்றால் வாங்கினவர் நாளைக்கு வழக்குப் போடலாம்; அப்போது சாட்சிக் கூண்டில் நிற்கப்போவது நீங்களும்தான். ஷெரீப் சட்டத்துக்குப் பயந்தவர். மறுபடி உட்கார்ந்துவிட்டார். மழை வந்தது. நல்ல தோலில் மழை எப்படி வழிந்தோடுகிறது பாருங்கள் என்று மர்ட்டி அதையும் சேர்த்துக்கொண்டார். மாடு ஒரு தடவை கத்தியது. பேச்சை நிறுத்தி அதற்கு நன்றி சொன்னார். அந்த நேரத்தில்தான் கூட்டத்துக்கு விஷயம் புரிந்தது என்கிறார்கள். ஓர் ஓரத்தில் தொடங்கிய சிரிப்பு திடல் முழுக்கப் பரவியது.

(ஒரு மனிதன் நாள் முழுக்க ஒரு மாட்டைப் பற்றிப் பேச முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காரைப் பற்றி நானே பேசிப் பார்த்தேன். தேநீர் ஆறும்வரைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை.)

வெளியூர்க்காரர்கள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள். இருட்டத் தொடங்கியது. நோட்டீஸில் போட்டிருந்த நாள் முடிந்தது. இனி விற்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஷெரீப் காகிதங்களை மடித்துக்கொண்டு கிளம்பினார். ஊர் பாய்ந்து வந்து மர்ட்டியைத் தோளில் ஏற்றியது.

ஜொஹானா இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கால் வலி உயிர் போகிறது, பாவாடை நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

"பேசினது நீங்க. நாள் பூரா நின்னது நானும் மாடும். எங்களை யாராவது தூக்குறாங்களா?"

மர்ட்டி இறக்கிவிடச் சொன்னார். தான் நின்று பேசிய பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, துண்டால் துடைத்து, அவளை உட்காரச் சொன்னார். 

4

ஏலத்தைக் கெடுத்ததற்குத் தண்டனை தர எந்தச் சட்டமும் இல்லை. அதனால் விசாரணை இல்லாமலே பிடித்து வைக்கலாம் என்று சட்டம் வந்ததும் அவரைத்தான் முதலில் பிடித்தார்கள்.

[சிறையின் ஈரச் சுவர்கள் அவருடைய

இல்லை. சிறையில் அவர் அப்படியொன்றும் வாடவில்லை. காவலர்கள் மாட்டுக் கதை கேட்க முறை வைத்துக்கொண்டு வந்தார்களாம். வெளியே அவருக்காக அலைந்தவன் யூஜீன். அதுவரை கடைக்கு வருகிறவர்களிடம் துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவன், இப்போது துணியோடு சேர்த்து மர்ட்டியின் பெருமையையும் விரித்தான். ஊரில் யாருக்கு என்ன இடுப்பளவு, யாருக்கு யார்மேல் கோபம், இரண்டும் அவனுக்கு அத்துப்படி. அரசியலுக்கு வேறென்ன வேண்டும்?

விடுதலையாகி வந்த மர்ட்டி நேராக பிராஸ்னன் வீட்டுக்குப் போய் ஜொஹானாவைப் பெண் கேட்டார். அவள் யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். சாப்பிடும்போது பேசக் கூடாது. மர்ட்டி முகம் வாடியதைப் பார்த்து, சரி, உப்பு மட்டும் கேட்டுக்கொள்ளலாம் என்று கொஞ்சம் இறங்கி வந்தாள்.

1885 தேர்தலில் சுயாட்சிக் கட்சி அவரை நிறுத்தியது. முகவர் யூஜீன். எதிர்த்து நின்றவர் பிரபுவின் ஒன்றுவிட்ட தம்பி. நல்ல மனிதர், பாவம், தன் பெயரைக்கூட மேடையில் சத்தமாகச் சொல்லத் தெரியாதவர். என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மர்ட்டி சுக்ரூ லண்டனுக்குப் போனார்.

(இந்த இடத்தில் நோரீன் தொலைபேசியில் கூப்பிட்டாள். யூஜீனுக்கு மீசை வைத்தாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். "நல்ல மீசை, லாங்கோ. அதை விட்டுட்டா அது வேற ஆளு." வைத்துவிட்டேன். மேலே எங்கெல்லாம் யூஜீன் வருகிறானோ அங்கெல்லாம் மீசையோடு படித்துக்கொள்ளுங்கள். ஏலத்தன்று மட்டும் வேண்டாம், அப்போது இன்னும் முளைத்திருக்காது.)

5

நாடாளுமன்றத்தில் அவருக்கு நேர்ந்ததை எழுதும்போது நான் சிரித்துக்கொண்டே எழுதினேன். அவர் அன்று சிரித்திருக்கமாட்டார்.

சில வருடங்களுக்கு முன்புவரை அங்கே அயர்லாந்து உறுப்பினர்கள் எழுந்து மணிக்கணக்காகப் பேசி எந்தச் சட்டத்தையும் முடக்க முடிந்தது. மர்ட்டிக்கென்றே பிறந்த ஆட்டம். ஆனால் இவர் போய்ச் சேர்வதற்குள் விதியை மாற்றிவிட்டார்கள். பேச்சு நீண்டால் வாக்கெடுத்து நிறுத்திவிடலாம். மர்ட்டி தன் முதல் பேச்சில் முன்னுரையின் முன்னுரையில் இருந்தபோதே உட்காரச் சொல்லிவிட்டார்கள். உலகத்தில் தனக்குத் தெரிந்த ஒரே வித்தைக்கு அங்கே தடை.

விடுமுறையில் ஊருக்கு வந்தவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ராஜினாமா செய்துவிட்டு மறுபடி மாடு விற்கப் போகிறேன் என்றார். யூஜீன் தலையில் கை வைத்துக்கொண்டான். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த ஜொஹானா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"நீளமாப் பேச விடலைன்னா அடிக்கடி பேசுங்க."

கேள்வி நேரத்துக்குத் தடை கிடையாது. கில்டாராவுக்கு அப்போது படகுத் துறை இல்லை. மீன்பிடிக்கப் போனவர்கள் திரும்பி வரும்போது பாறையில் மோதிப் படகு உடைவது சாதாரணம். சில வீடுகளில் ஆளே திரும்பவில்லை. மர்ட்டி எழுந்து, கில்டாராவில் படகுத் துறை எப்போது கட்டப்படும் என்று அமைச்சரைக் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்றார் அமைச்சர். அடுத்த வாரம், பரிசீலனை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டார். அதற்கடுத்து, பரிசீலிப்பவர் நலமாக இருக்கிறாரா என்று கேட்டார். கொஞ்ச நாளில், அவர் எழுந்தாலே இரண்டு பக்க உறுப்பினர்களும் சேர்ந்து "படகுத் துறை" என்று கத்தத் தொடங்கினார்கள். வாய் திறக்காமலே அவருடைய கேள்வி கேட்கப்பட்டது.

படகுத் துறை வந்தது. நான் தினமும் காலையில் அதன்மேல்தான் நடக்கிறேன். திறப்பு விழாவுக்கு ஊர் முழுக்க வந்தது. மர்ட்டி பேசப் போகிறார் என்று கேள்விப்பட்டு எல்லோரும் வீட்டிலிருந்து நாற்காலியோடு வந்திருந்தார்கள். முதல் படகு வந்து கட்டியதும் அவர் பேச எழுந்தார். படகு நிறைய இருந்த கானாங்கெளுத்தியைப் பார்த்துவிட்டு, "மீன் கெட்டுப்போகும், எடுத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

6

இந்தப் பகுதியில் எதுவும் நடக்காது. எனக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

ஜொஹானாவுக்கு நான் நல்ல வசனங்களாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் காலச் செய்தித்தாள்களில் அவள் 'திருமதி சுக்ரூ' மட்டும்தான். 'திருமதி சுக்ரூவும் வந்திருந்தார்.' ஒரு புகைப்படம் உண்டு, படகுத் துறையில் எடுத்தது. மர்ட்டி நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்திருக்கிறாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்று நான் முடிவு செய்தேன். அந்த ஒரு உதட்டை வைத்துத்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன். ஒருவேளை வெயில் கண்ணில் குத்தியிருக்கலாம். ஒருவேளை பல் வலி.

நோரீனிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுப் பொம்பளைங்களை உனக்குத் தெரியாது. நீ குறைச்சுத்தான் எழுதியிருக்க."

ஆகவே மாற்றவில்லை.

7

இப்போது சந்தோஷமில்லாத பகுதி. சுருக்கமாகச் சொல்கிறேன்.

1890 கடைசியில் கட்சி உடைந்தது. தலைவருக்கும் இன்னொருவர் மனைவிக்கும் இருந்த உறவு நீதிமன்றம்வரை வந்து, அவரை வைத்துக்கொள்வதா விலக்குவதா என்று நாடே இரண்டாகப் பிரிந்தது. பாதிரியார்கள் விலக்கு என்றார்கள். மர்ட்டி தலைவரோடு நின்றார். அடுத்த வருடமே தலைவர் இறந்துபோனார். ஆனால் பிளவு சாகவில்லை.

அந்த வருட கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு யூஜீன் வழக்கம்போல அக்கா வீட்டுக்கு வந்தான். இப்போது அவனுக்குச் சொந்த ஜவுளிக்கடை. வாத்து மேசைக்கு வந்தபோது, வரும் தேர்தலில் தலைவரை விலக்கிய எதிரணி தன்னை நிற்கச் சொல்லியிருக்கிறது என்றான். தான் ஒத்துக்கொண்டுவிட்டதாகவும் சொன்னான். மர்ட்டி முள்கரண்டியைக் கீழே வைத்தார். சாப்பாட்டு மேசையில் பேசக் கூடாது என்ற விதி முதல்முறையாக உடைந்தது.

"செத்துப்போன மனுஷனை நான் ஏலத்துல விட மாட்டேன், யூஜீன்."

"செத்தவருக்கே ஓட்டுக் கேட்டுக்கிட்டிருந்தா, உயிரோட இருக்கிறவனுக்கு நிலம் எப்பக் கிடைக்கும்?"

இருவரும் சரியாகத்தான் சொன்னார்கள். சண்டை பெரிதானதற்கும் அதுதான் காரணம். குரல் உயர்ந்தது. ஜொஹானா எழுந்து வாத்தைத் தட்டோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து வாசற்படியில் நின்று சொன்னாள்:

"இந்தத் தேர்தல் முடியற வரைக்கும் உங்க ரெண்டு பேர்கிட்டயும் நான் பேசப் போறதில்லை. ஞாயித்துக்கிழமை சாப்பாடு உண்டு. பேச்சு கிடையாது."

சொன்னபடி செய்தாள். கிறிஸ்துமஸிலிருந்து ஜூலைவரை ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து அந்த இருவரும் அவள் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, பன்றிக்கறியும் முட்டைக்கோசும் சாப்பிட்டார்கள். கத்திச் சத்தமும் கடிகாரச் சத்தமும் மட்டும்தான். சாப்பிட்டு முடித்ததும் ஒருவர் வடக்குத் தெருவுக்கும் ஒருவர் தெற்குத் தெருவுக்கும் போய் ஒருவரையொருவர் திட்டிக் கூட்டம் போட்டார்கள். நாள் முழுக்கப் பேசி ஒரு மாட்டைக்கூட விற்கத் தெரியாத ஏலக்காரன் என்று யூஜீன் சொன்னான். மனசாட்சியையும் முழம் போட்டு அளந்து, அதிலும் நாலு விரற்கடை குறைத்துக் கொடுக்கும் ஜவுளிக்காரன் என்று மர்ட்டி சொன்னார்.

ஊரும் பிரிந்தது. ரொட்டிக்கடை இரண்டானது. கால்பந்து அணி பிரிந்ததில் ஒரு பக்கம் கோல் காப்பவர்கள் இரண்டு பேர், இன்னொரு பக்கம் ஒருவரும் இல்லை. ஊர் வாத்திய கோஷ்டியும் பிரிந்தது. முரசுகள் எல்லாம் மர்ட்டியிடம், ஊதுகுழல்கள் எல்லாம் யூஜீனிடம். மர்ட்டியின் ஊர்வலம் இடி இடிப்பதுபோலப் போகும். யூஜீனுடையது தாளம் தப்பிப் போகும்.

இதுவரை சிரிக்கலாம். ஜூன் மாதம் பாலத்தருகே இரண்டு ஊர்வலங்களும் எதிரெதிரே வந்துவிட்டன. தடியடியில் ஒருவனுக்குக் கை ஒடிந்தது, ஒருவனுக்குக் கண் போனது. சிற்றப்பன் மகனைப் பெரியப்பன் மகன் அடித்தான். அன்று இரவே சுக்ரூ வீட்டு முன்னறை சன்னலில் கல் விழுந்தது.

காலையில் மர்ட்டி எழுந்து வந்தபோது வெளியே யாரோ சன்னலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். யூஜீன். கையில் புதுக் கண்ணாடி, அதை ஒட்டுவதற்கு மக்கு, ஒரு சின்ன உளி. வேட்பாளர் யூஜீன் பிராஸ்னன் தெருவில் ஆள் நடமாட்டம் வருவதற்குள் கண்ணாடியைப் பொருத்தி, மக்கு பூசி, விரலைத் துடைத்துக்கொண்டு போனான்.   மர்ட்டி உள்ளே நின்று, அவன் மறுபக்கம் பொருத்தும்போது கண்ணாடி நழுவாமல் பிடித்துக்கொண்டார்.

8

ஜூலை. வாக்குகளை எண்ணி முடித்து நீதிமன்றப் படிக்கட்டில் அறிவிக்கப் போகிறார்கள்.

[வானம் தெளிந்திருந்த அந்த நாளில், விதி தன்

விதி ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். சதுக்கத்தின் இடது பக்கம் மர்ட்டியின் ஆட்கள். வலது பக்கம் யூஜீனின் ஆட்கள். பாதிப் பேர் கையில் தடி. நடுவில் இரண்டு வரிசை போலீஸ், அவர்களுக்கும் பயம். பெண்கள் நீதிமன்றத்தின் இரும்புக் கம்பி வேலியை ஒட்டி நின்றார்கள். ஜொஹானாவும் அங்கேதான்.

யூஜீன் ஜெயித்தான். சொற்ப வித்தியாசம், இன்னும் ஒரு தெரு மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கும். வலது பக்கம் ஆரவாரம். இடது பக்கம் தடிகள் எழுந்தன. யூஜீன் நன்றி சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அவன் தன் மீசையை இழுத்துவிட்டுக்கொண்டே ஒதுங்கினான். வழக்கப்படி தோற்றவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும். மர்ட்டி முன்னால் வந்தார்.

அந்தக் கணத்தில் அவர் என்ன சொன்னாலும் அது நடக்கும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்று பிணம் விழும். அவருக்கு ஏமாற்றமும் இருந்தது, கோபமும் இருந்தது. ஏழு வருடம் உழைத்த இடம். கட்டிய படகுத் துறை அங்கிருந்தே தெரிகிறது.

அவர் கம்பி வேலிப் பக்கம் பார்த்தார். பிறகு யூஜீனைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, ஐரிஷ் மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

 பிறகு வேலிப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஜொஹானா. அரை வருடமாக அந்த இருவர் காதிலும் விழாத குரல் அது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அடுத்து யூஜீன், சிரிப்புத் தாங்காமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் இடது பக்கம், வலது பக்கம், போலீஸ்காரர்களில் மொழி தெரிந்தவர்கள், அவர்களைப் பார்த்துத் தெரியாதவர்கள். சிரிப்பவனால் தடியை ஓங்கிப் பிடிக்க முடியாது. அவை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

யாரோ மர்ட்டியைத் தூக்கினார்கள். வலது பக்கத்து ஆட்களும் வந்து தோள் கொடுத்தார்கள். யூஜீன் எழுந்து ஓடி வந்து ஒரு காலைப் பிடித்துக்கொண்டான். முரசும் குழலும் சேர்ந்து ஒரே பாட்டை வாசித்தன, ஒத்திகை இல்லாததால் படுமோசமாக. ஜொஹானா பின்னால் வந்தாள், பேசிக்கொண்டே. அரை வருடத்துப் பாக்கி எல்லாவற்றையும், யூஜீனின் சட்டைக் கழுத்து அழுக்கிலிருந்து மர்ட்டியின் கணக்கற்ற உப்புவரை, வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாளாம். இரண்டு பேருக்கும் அவ்வளவு நிம்மதி.

மர்ட்டி அதன்பின் தேர்தலில் நிற்கவில்லை. மறுபடி மாடு விற்றார். அடுத்தடுத்த தேர்தல்களில் யூஜீனுக்கு முகவராக வேலை பார்த்தார். நாடாளுமன்றத்தில் என்ன கேள்வி கேட்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில், சாப்பிட்டு முடித்தபின், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். பெரிய தலைவர் ஆகவில்லை. வரலாற்றுப் புத்தகம் எதிலும் இருக்கமாட்டார். நல்ல முதுமை வாய்த்தது. மூவரும் ஒரே மேசையில் நரைத்தார்கள்.

9

இனி நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். அவர் என்ன சொன்னார்?

எனக்குத் தெரியாது.

கார்க் நகரத்திலிருந்து வந்திருந்த செய்தியாளருக்கு ஐரிஷ் தெரியாது. மறுநாள் செய்தித்தாளில் இவ்வளவுதான்: 'திரு. சுக்ரூ ஐரிஷ் மொழியில் சில சொற்கள் பேசினார். (பெருஞ்சிரிப்பு.)' சதுக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய் ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நோரீன் குடும்பத்தில் சொல்வது: "நல்ல ஆளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கீங்க, சன்னல் கண்ணாடி அருமையாப் போடுவான்." நன்றாக இருக்கிறது. ஆனால் யூஜீன் ரகசியமாகச் செய்ததை மர்ட்டி ஊரறியச் சொல்லியிருப்பாரா? இங்கே தபால்காரராக இருக்கும் சுக்ரூ வம்சத்துக்காரர் சொல்வது: "ஜொஹானா, தேர்தல் முடிஞ்சுபோச்சு." இதுவும் நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் நடந்த விரதம் ஊருக்கு எப்படித் தெரியும்? மாட்டைப் பற்றி ஏதோ சொன்னார் என்று மீன் கடையில் அடித்துச் சொல்கிறார்கள். என்னவென்று மட்டும் சொல்லமாட்டார்கள்.

நானே ஒன்றை இட்டுக்கட்டிப் பார்த்தேன். பல நாள் முயன்றேன். நோயாளிகளிடம் சொல்லிச் சோதித்தேன். சுக்ரூக்கள் சிரித்தால் பிராஸ்னன்கள் சிரிக்கவில்லை. பிராஸ்னன்கள் சிரித்தால் சுக்ரூக்கள் வாயை மூடிக்கொண்டார்கள், எனக்குப் பல் பார்க்க முடியவில்லை. ஒன்றுக்கு எல்லோரும் சிரித்தார்கள். என் உச்சரிப்புக்காகச் சிரித்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

ஆகவே உங்களிடம் தருகிறேன். நிலவரம் தெரியும். நீங்கள் தோற்றிருக்கிறீர்கள். எதிரே இரண்டு பக்கமும் தடிகள். பக்கத்தில் உங்களைத் தோற்கடித்த, நீங்கள் நேசிக்கிற ஒருவன். வேலியோரம் பேசாத மனைவி. அவள்தான் முதலில் சிரிக்க வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு மேல் கிடையாது. அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்.

மர்ட்டி சுக்ரூ தொப்பியைக் கழற்றினார். சொன்னார்:

"                                                                      "

(பெருஞ்சிரிப்பு.)